விளையாட்டும் வியாபாரமும்: சிக்காகோ அணி கற்பிக்கும் பாடம்

கல்லூரி ஒன்றின் பெருமையை அளப்பதற்கு உலகம் பல அளவுகோல்களை வைத்திருக்கின்றது. பரீட்சைப் பெறுபேறு ஒன்று. கட்டடங்களின் எண்ணிக்கை மற்றொன்று. விளையாட்டு மைதானத்திற் பெற்ற வெற்றி வேறொன்று. இவற்றுள் இறுதியிற் கூறியதே பழைய மாணவரின் நெஞ்சைப் பெரிதும் ஈர்ப்பதாகும். கணிதத்திலே எவர் முதல்வராகத் தேறினார் என்பதைப் பத்து ஆண்டுகளில் மறந்துவிடுவோர், எந்த ஆண்டில் எந்தக் கல்லூரியை எவ்வாறு வென்றோம் என்பதை நரை திரை வந்த பின்னரும் மறப்பதில்லை. இஃது இயல்பு; குற்றமன்று. தான் கற்ற இடத்தின் மீது ஒருவன் கொண்ட அன்பு ஏதேனும் ஓர் உருவத்தைப் பற்றி நிற்றல் வேண்டும். வெற்றிக் கிண்ணம் கண்ணுக்குத் தெரியும் உருவம். ஆயினும், இவ்வன்பு எந்த எல்லையைக் கடக்கும்போது மாணவனுக்கே சுமையாகின்றது என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. விழாக் காலங்களில் எழுப்புவது இன்னும் அரிது.

அவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர், ஐக்கிய அமெரிக்காவிலுள்ள சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணி 1939ஆம் ஆண்டில் ஆடிய பருவத்தின் வரலாற்றை அறிதல் நன்று. எட்டு ஆட்டங்கள் கொண்ட பருவம் அது. அவற்றுள் ஆறில் அந்த அணி தோற்றது. தோற்ற ஆறிலும் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. பருவம் முடிந்து ஒரு மாதம் கழியுமுன் அணியே கலைக்கப்பட்டது. ஒரு காலத்தில் அமெரிக்க நாடு முழுவதும் புகழ்பெற்று விளங்கிய அணி இவ்வாறு மறைந்தமை நேர்மையின் வெற்றியா, கோழைமையின் விளைவா என்பது பற்றி இன்றுவரை அங்கே வாதம் நிகழ்கின்றது. அவ்வாதத்தில் எமக்குள்ள கருத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. அது றக்பி ஆட்டத்தின் வழித்தோன்றல். பந்து முட்டை வடிவானது. காலால் உதைக்கப்படுவதிலும் பார்க்கக் கையில் ஏந்தி ஓடப்படுவதும் எறியப்படுவதுமே மிகுதி. பக்கத்துக்குப் பதினொருவர், கோட்டுக்குக் கோடு நூறு கஜ நீளமான களம். பந்தைக் கைக்கொண்ட பக்கத்தார் நான்கு முயற்சிகளுள் பத்துக் கஜமேனும் முன்னேறல் வேண்டும். தவறினால் பந்து மாற்றாரிடம் போய்விடும். எதிர்ப்பக்கத்தின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. ஓடுபவனை உடலால் மோதி வீழ்த்துதல் இவ்வாட்டத்தில் விதிக்கு உட்பட்ட செயல். ஆதலால் வலிமையும் நெடுநாட் பயிற்சியும் இல்லாதார் அவை உள்ளாரை எதிர்த்து நிற்பாராயின், அவர்களுக்குக் கிடைப்பது தோல்வி மட்டுமன்று, காயமுமாகும்.

சிக்காகோப் பல்கலைக்கழகம் 1892ஆம் ஆண்டிலே கதவு திறந்தது. அதன் முதல் தலைவராகிய வில்லியம் றெயினி ஹாப்பர், புதிய நிறுவனமொன்றின் பெயர் விரைவிற் பரவ வேண்டுமாயின் சிறந்த பேராசிரியர்களோடு சிறந்த உதைபந்தாட்ட அணியும் வேண்டும் என்று கண்டவர். யேல் பல்கலைக்கழகத்திலே தம்மிடம் கற்ற அமோஸ் அலொன்ஸோ ஸ்ராக் என்பவரை அழைத்து, ஆசிரியப் பதவியும் உடற்பயிற்சித் துறையின் தலைமையும் கொடுத்தார். தொடக்கத்தில் ஆட்டக்காரர் தொகை போதாமையால் பயிற்றுநராகிய ஸ்ராக் தாமே களத்தில் இறங்கி ஆடினார். அத்தகைய எளிமையிலே பிறந்த அணி சில ஆண்டுகளுள் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாயிற்று. மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்ததும், பின்னர்ப் 'பெரும் பத்து' எனப் பெயர் பெற்றதுமான சங்கத்தின் மூல உறுப்பினருள் சிக்காகோவும் ஒன்று.

அந்த அணியின் பெருவெற்றியாக இன்றும் பேசப்படுவது 1905ஆம் ஆண்டு ஆட்டமாகும். தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோல்வி காணாத மிச்சிகன் அணியைச் சிக்காகோ இரண்டு புள்ளிகளால் வென்றது. அவ்விரண்டு புள்ளியும் மிச்சிகன் மாணவன் ஒருவன் பந்துடன் தன் கோட்டுக்குப் பின்னே வீழ்த்தப்பட்டமையாற் கிடைத்தவை. சிக்காகோ கொண்டாடியது. மிச்சிகன் பக்கத்திலோ பத்திரிகைகளும் மக்களும் அந்த மாணவனைப் பழித்தனர். அப்பழி அவனுடைய வாழ்நாள் முழுவதும் அவனைத் தொடர்ந்தது. வெற்றியைப் பற்றிய ஏடுகள் பல. அவன் சுமந்த சுமையைப் பற்றிய வரிகள் சில. எமது வாதத்தின் வேர் அந்தச் சில வரிகளிலேதான் உள்ளது.

அதே 1905ஆம் ஆண்டிலே அமெரிக்க நாடெங்கும் இவ்வாட்டத்தில் ஏறத்தாழப் பதினெட்டு இளைஞர் உயிரிழந்தனர் எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட் ஹாவார்ட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளைத் தம்முடைய மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். 1906இல் விதிகள் மாற்றப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. கல்லூரி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் தேசியச் சங்கமும் அவ்வாண்டிலே தோன்றியது. உடலுக்கு நேர்ந்த கேட்டை ஓரளவு குறைக்க வழி கண்டனர். கல்விக்கு நேர்ந்த கேட்டுக்கு வழி காணவில்லை. பார்வையாளர் பெருகினர், பணம் பெருகியது, சிக்காகோவின் மைதானம் சுமார் ஐம்பதினாயிரம் பேர் அமரத்தக்க அரங்காக வளர்ந்தது. கட்டிய அரங்கை நிரப்புதல் வேண்டும். நிரப்ப வெற்றி வேண்டும். வெற்றிக்கு வலியவர் வேண்டும். வலியவர் கல்வியில் நாட்டம் உடையவரா என்று கேட்போர் குறைந்தனர். கார்னெகி நிதியம் 1929இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, கல்லூரிகள் ஆட்டக்காரரைத் தேடிப் பிடித்து மறைமுகமாகப் பணம் கொடுத்து வைத்திருக்கும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதை வெளிப்படுத்திற்று.

அந்த 1929ஆம் ஆண்டிலேதான் றொபேட் மேனாட் ஹச்சின்ஸ் என்னும் முப்பது வயது இளைஞர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். கல்வியைப் பற்றிக் கடுமையான கொள்கையுடையவர் அவர். வகுப்புக்கு வந்தமைக்காகப் புள்ளி வழங்கும் முறையை விடுத்து, விரிந்த பொதுப் பரீட்சைகளால் மாணவனின் அறிவைச் சோதிக்கும் முறை அவர் காலத்திலே நிலைபெற்றது. பிற பல்கலைக்கழகங்களில் உடற்பயிற்சிக் கல்வியையே பட்டத்துக்குரிய பாடமாகக் கொண்டு ஆட்டக்காரர் பலர் காலங்கழித்தனர். சிக்காகோவில் அவ்வாறான பட்டம் இருக்கவில்லை. ஆட்டத்துக்கென உதவிப் பணமும் இல்லை. எழுபது வயதை அடைந்த ஸ்ராக், 41 பருவங்கள் பயிற்றிய பின், 1932ஆம் ஆண்டின் முடிவில் ஓய்வு வயது விதிப்படி விலக நேர்ந்தது. அவரிடத்துக்குக் கிளாக் ஷோனெசி என்பவர் வந்தார்.

புதிய பயிற்றுநருக்கு ஒரு நல்வாய்ப்பு வாய்த்தது. ஜே பேர்வாங்கர் என்னும் மாணவர் ஓட்டத்திலும் உதையிலும் எறிதலிலும் இணையற்றவராய் விளங்கி, பின்னாளில் ஹைஸ்மன் விருது எனப் பெயர் பெற்ற பரிசை 1935இல் முதன்முதலாகப் பெற்றார். நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் பரிசு அது. ஆயினும் அத்தகைய ஒருவரை வைத்திருந்தும் அவ்வாண்டு சிக்காகோ நான்கு ஆட்டங்களில் வென்று நான்கிலே தோற்றது. ஒருவர் திறமையால் பதினொருவர் குறையை நிரப்பலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டில் தொழில்முறைச் சங்கம் நடத்திய முதல் தெரிவிலே முதலாவதாகப் பெயர் குறிக்கப்பட்டவரும் அவரே. அவரோ அதனை ஏற்காமல் வேறு தொழிலை நாடிச் சென்றார்.

அவர் சென்றபின் அணி விரைந்து சரிந்தது. 1937இல் ஒரே வெற்றி. 1938இலும் ஒரே வெற்றி. அந்த 1938ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஓர் ஆட்டம் நாடகக்காரன் புனைந்ததுபோலத் தோன்றும். ஓய்வு பெற்ற ஸ்ராக் கலிபோர்னியாவிலுள்ள பசிபிக் கல்லூரியின் பயிற்றுநராயிருந்தார். எழுபத்தாறு வயது முதியவராகிய அவர் தம் புதிய மாணவருடன் சிக்காகோவுக்கு வந்து, தம்முடைய பெயரையே தாங்கிய மைதானத்தில், தம்முடைய பழைய பல்கலைக்கழகத்தை 32 புள்ளிகளுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்று சென்றார்.

இனி, 1939ஆம் ஆண்டுப் பருவத்தை நோக்குவோம். முதலாட்டத்தில் பெலோயிற் என்னும் சிறு கல்லூரியிடம் ஆறு புள்ளிகளால் தோல்வி. அடுத்து வாபாஷ் கல்லூரிக்கு எதிராக வெற்றி. அதன்பின் ஹாவார்ட் 61 புள்ளி பெற்றது. ஒரு வாரங் கழித்து, ஒக்டோபர் மாதம் 21ஆம் நாள், ரொம் ஹாமன் என்னும் புகழ்பெற்ற வீரரைக் கொண்ட மிச்சிகன் அணி சிக்காகோவின் சொந்த மைதானத்திலேயே 85 புள்ளி பெற்றது. ஆட்ட நேரம் அறுபது நிமிடம். நிமிடத்துக்கு ஒரு புள்ளிக்கு மேல் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நாளின் கொடுமை விளங்கும். பின்னர் வேர்ஜீனியா 47, ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 61, இலினோய் 46. இவற்றுக்கிடையே ஓபர்லின் கல்லூரிக்கு எதிராக 25 புள்ளி பெற்று ஒரு வெற்றி. பருவத்தின் மொத்தக் கணக்கில் எதிர்ப்பக்கத்தார் பெற்றவை முந்நூறு புள்ளிகளுக்கு மேல். சிக்காகோ பெற்றவை நாற்பதுக்குங் கீழ்.

இந்த எண்களைப் படிப்போர் நகைப்பர். அன்றும் பலர் நகைத்தனர். ஆனால் எண்களின் மறுபக்கத்தைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். 85 புள்ளியால் தோற்ற பின்னரும் அந்த இளைஞர் அடுத்த ஆட்டத்துக்குச் சென்றனர். அங்கும் தோற்று, அதற்கடுத்த ஆட்டத்துக்கும் சென்றனர். ஆட்டத்துக்கென உதவிப் பணம் பெறாதவர்கள். மற்றை மாணவர் எழுதிய பரீட்சையையே எழுத வேண்டியவர்கள். பருவத்தின் பிற்பகுதியில் ஓபர்லினை வெல்லும் மனத்திண்மை அவர்களிடம் எஞ்சியிருந்தது. வென்றவனை மதிப்பதற்கு நற்குணம் எதுவும் வேண்டுவதில்லை. கூட்டமே அதனைச் செய்துவிடும். தோற்பது உறுதியென அறிந்தும் விதி வழுவாது ஆடியவனை மதிப்பதற்கே கல்வி வேண்டும். கல்லூரி அணி என்னும் பெயருக்கு முழுத் தகுதி படைத்த அணி எதுவெனக் கேட்பின், 1905இன் அணியினும் 1939இன் அணியே என்று கூற நாம் தயங்கோம்.

இன்னுமோர் உண்மையும் கருதத்தக்கது. இத்தனை தோல்விக்கும் பொறுப்பாளி எனக் கருதப்பட்ட ஷோனெசி, அடுத்த ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். முந்திய ஆண்டில் ஒரே வெற்றி கண்டிருந்த அந்த அணி, அவருடைய பயிற்சியின் கீழ் 1940ஆம் ஆண்டுப் பருவத்தின் எல்லா ஆட்டங்களிலும் வென்று, 1941ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் றோஸ் கிண்ண ஆட்டத்திலும் வாகை சூடியது. அதே மனிதர், அதே அறிவு. ஓராண்டில் நகைப்புக்கிடமானவர் மறுவாண்டில் மேதையெனப் போற்றப்பட்டார். ஆகவே புள்ளிப் பலகையைக் கொண்டு ஆசிரியனை அளப்பது எத்துணைப் பேதைமை என்பது தெளிவு. வகுப்பறையிலும் இதுவே உண்மை. பெறுபேற்றுப் பட்டியலை மட்டுங் கொண்டு ஆசிரியரை எடைபோடும் பெற்றோரும் அதிகாரிகளும் இதனைச் சிந்திப்பாராக.

1939ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் நாள் சிக்காகோப் பல்கலைக்கழகப் பொறுப்பாளர் சபை, பிற பல்கலைக்கழகங்களோடு உதைபந்தாட்டப் போட்டியிடுவதை நிறுத்துவதெனத் தீர்மானித்தது. அடுத்த மாதம் ஹச்சின்ஸ் மாணவரைக் கூட்டி அதன் காரணங்களை விளக்கினார். அவருடைய கருத்து ஏற்கெனவே மறைவானதன்று. 1938இல் வெளிவந்த அவருடைய கட்டுரையொன்றிலே, கல்லூரி விளையாட்டைக் கெடுப்பது பணமே என்றும், நுழைவுக் கட்டணத்தைப் பத்துச் சதமாகக் குறைத்துவிட்டு, பயிற்றுநரின் பதவி வசூலைச் சாராதபடி ஆசிரியருக்குரிய நிலைபேற்றை அவருக்கு வழங்கினால் நோய் தீரும் என்றும் எழுதியிருந்தார். சிக்காகோவின் முன்னே இரண்டு வழிகளே இருந்தன: பிறரைப் போல ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவது ஒன்று, வாங்காமல் ஆண்டுதோறும் நசுக்கப்படுவது மற்றொன்று. இரண்டும் வேண்டாம் என்று கூறி, மூன்றாம் வழியாக விலகிக்கொண்டனர்.

ஹச்சின்ஸின் நோயறிவு சரியானது என்பது எமது துணிபு. விளையாட்டு என்னும் தமிழ்ச் சொல்லை விரும்பி ஆடுதல் எனப் பொருள் கொள்வர். விருப்பமே அதன் உயிர். ஒருவன் பிறருடைய இலாபத்துக்காகவோ பிறருடைய பெருமைக்காகவோ ஆடும்போது, அவன் செய்வது தொழிலேயன்றி விளையாட்டன்று. தொழில் செய்தல் இழிவென்று நாம் கூறவில்லை. தொழில் செய்வோனுக்குக் கூலியும் பாதுகாப்பும் உரியவை. ஆனால் மாணவன் என்று பெயரிட்டு அழைத்து, தொழிலாளியாக நடத்தி, கல்வியையும் முழுமையாகக் கொடாது, கூலியையும் நேர்மையாகக் கொடாது விடுத்தல் இரட்டை வஞ்சனை. அந்த வஞ்சனையிற் கலந்துகொள்ள மாட்டோம் என்று ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் புகழையும் வருமானத்தையும் விட்டெறிந்து கூறியமை பாராட்டத்தக்க செயலே.

ஆனால் அவர்கள் கண்ட மருந்து முழுவதும் சரியானதா? இவ்விடத்தில் நாம் ஹச்சின்ஸோடு வேறுபடுகின்றோம். பெரிய அணிகளோடு பொருத முடியாதெனின், தம்மையொத்த சிறிய கல்லூரிகளோடு பொருதியிருக்கலாம். பெலோயிற்றும் வாபாஷும் ஓபர்லினும் அயலிலேயே இருந்தன. வாபாஷையும் ஓபர்லினையும் அந்த ஆண்டிலேயே வென்றும் இருந்தனர். ஆட்டத்தைத் தமக்குரிய அளவுக்குச் சுருக்குவதை விடுத்து, அதனை அடியோடு அகற்றியமை, கூரை ஒழுகுகின்றதென்று வீட்டையே இடித்ததை ஒக்கும். பெரியதாய் இருக்க முடியாதெனின் இல்லாமலே போவோம் என்னும் எண்ணத்தில், நேர்மையோடு சிறிது செருக்கும் கலந்திருக்கின்றது. சிறியவராய் ஆடுவதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

மறுபக்கத்தார் கூறும் நியாயங்களையும் தள்ளிவிடலாகாது. பெரும் அணிகளால் கல்லூரிக்கு ஒற்றுமையுணர்ச்சி வளர்கின்றது என்பர். பழைய மாணவரின் நன்கொடை பெருகுகின்றது என்பர். வறிய வீட்டுப் பிள்ளைகள் பலர் ஆட்டத்தின் துணையால் உயர்கல்வி பெற்றனர் என்பர். மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றாவதில் மிகுந்த உண்மை உண்டு. ஆயினும் வறிய பிள்ளை ஒருவனுக்குக் கல்வி கொடுக்க விரும்புவோர், அவன் தோள் வலிமையை முதலிற் சோதித்துப் பார்ப்பது ஏன்? முழங்கால் முறிந்த அன்றைக்கே அவனுடைய கல்வியும் முறியுமாயின், அவனுக்குக் கொடுக்கப்பட்டது புலமைப் பரிசிலா, நாட்கூலியா? ஒற்றுமையுணர்ச்சியும் அவ்வாறே. பதினொருவர் அடிபட, ஐம்பதினாயிரவர் அமர்ந்து ஆரவாரிப்பதால் விளையும் ஒற்றுமை, ஆட்டம் முடிந்ததும் கலையும். மாணவர் எல்லாரும் மைதானத்தில் இறங்கி ஆடுவதால் விளையும் ஒற்றுமையே நிலைக்கும்.

பின்னர் நிகழ்ந்தவை எமது கருத்துக்கு அரண் செய்கின்றன. வெறுமையான அந்த மைதானத்தின் மேற்கு அரங்கின் கீழே, 1942ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள், என்றிக்கோ பேர்மி என்னும் விஞ்ஞானியின் தலைமையில், மனிதனால் ஆக்கப்பட்ட முதலாவது தொடர் அணுவினை நிகழ்த்தப்பட்டது. 1946இல் பல்கலைக்கழகம் 'பெரும் பத்து'ச் சங்கத்திலிருந்து முற்றாக விலகியது. பிற பல்கலைக்கழகங்களோ சிக்காகோவின் வழியைப் பின்பற்றவில்லை. அவற்றின் அரங்குகள் மேன்மேலும் பெருகின. தனியொருவரின் துறவு ஊரைத் திருத்தவில்லை. 1963இல் வகுப்பாகத் தொடங்கிய உதைபந்தாட்டத்தை எதிர்த்து மாணவர் சிலர் களத்தின் நடுவே அமர்ந்தனர். எனினும் ஆட விரும்பியோர் விட்டுவிடவில்லை. 1969ஆம் ஆண்டில் முறையான பல்கலைக்கழக அணி மீண்டும் தோன்றியது. பழைய மைதானம் இருந்த நிலத்தில் 1970இல் றீகன்ஸ்ரைன் நூலகம் திறக்கப்பட்டது. அணி ஆடும் இடம் வேறு, அளவும் வேறு. விளையாட்டுக்கென உதவிப் பணம் கொடாத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளோடு அது ஆடி வருகின்றது.

இந்த முடிவே தொடக்கத்தில் இருந்திருக்க வேண்டிய முடிவு என்பது எமது கருத்து. நூலகம் பெரிதாக, மைதானம் அளவாக, இரண்டும் ஒரே வளாகத்தில் வாழலாம் என்பதைக் காட்டுவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. பேர்வாங்கர் பெற்ற பரிசுச் சிலை சிலகாலம் அவருடைய உறவினர் வீட்டிலே கதவுக்கு முட்டாக நின்றது என்பர்; பின்னர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. விருதை வழிபடாமலும் எறியாமலும் வைத்திருந்த அந்தச் சமநிலையை அவருடைய கல்லூரியும் ஈற்றில் அடைந்தது.

மற்றைப் பல்கலைக்கழகங்கள் சென்ற பாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நோக்க வேண்டும். 2021ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர்நீதிமன்றம், கல்வி தொடர்பாக ஆட்டக்காரர் பெறக்கூடிய நன்மைகளுக்கு விளையாட்டுச் சங்கம் விதித்திருந்த எல்லைகள் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்த்தது. அவ்வாண்டிலிருந்தே மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாயினர். 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே ஆட்டக்காரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதலாண்டிலே ஒரு கல்லூரிக்குரிய உச்ச எல்லை 20 மில்லியன் டாலருக்கு மேல். இதனைக் கண்டு வருந்துவோர் உளர். நாமோ, மறைவாக நடந்தது வெளிப்படையாக வந்ததே என்று ஒருவாறு ஆறுதல் கொள்கின்றோம். உழைத்தவனுக்குக் கூலி கிடைத்தல் நீதி. ஆனால் அதன்பின் அந்த அணியைக் கல்லூரி அணி என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் அநீதி. ஹச்சின்ஸ் 1938இல் கூறியதை, எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின் நீதிமன்றங்கள் வேறு சொற்களில் ஒப்புக்கொண்டன என்றே கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் இம்மலரில் எழுதுவது ஏன் என்று வினவுவோர்க்கு ஒரு விடை உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தைக் கெடுத்தவர் யாரெனின், ஆட்டக்காரர் அல்லர், பயிற்றுநர் மட்டுமல்லர். கல்லூரியை நேசித்த பழைய மாணவரும் அவர்களுள் ஒரு பகுதியினர். நல்லெண்ணத்தோடு பணம் சேர்த்தனர். நல்லெண்ணத்தோடு வலியவரைத் தேடிக் கொணர்ந்தனர். தோற்ற பயிற்றுநரை நல்லெண்ணத்தோடு நீக்கினர். அவர்களது இளமையின் இனிய நினைவுகளை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுக்கும் கடன், அவர்கள் முகமறியாத இளைஞரின் தோளில் ஏற்றப்பட்டது. அன்பே ஆயினும், அளவிறந்தால் அது பிறனுக்குப் பாரம்.

ஆகவே பழைய மாணவர் எந்த நாட்டினராயினும், தம் கல்லூரி அணியைக் காணும்போது மூன்று வினாக்களைத் தம்முட் கேட்டுக்கொள்ளல் நன்று. பந்தைத் தொடத் தெரியாதிருந்தாலும் இந்த மாணவனுக்கு இக்கல்லூரியில் இடம் கிடைத்திருக்குமா? தோற்ற ஆண்டிலும் இந்தப் பயிற்றுநரை ஆசிரியரென மதித்து வைத்திருப்போமா? இறுதி ஆட்டம் முடிந்த பின், இவன் படிப்பு என்னவாயிற்று, எங்கே வாழ்கின்றான் என்று விசாரிப்போர் எம்முள் உளரா? மூன்றுக்கும் ஆமென்று விடை வருமாயின், அந்த அணி வென்றாலென்ன, தோற்றாலென்ன? அது கல்லூரியின் அணி. ஒன்றுக்கேனும் இல்லையென்று விடை வருமாயின், கிண்ணங்கள் அடுக்கிய அலுமாரி எவ்வளவு பளபளத்தாலும் அதன் கண்ணாடியில் எம் முகத்தைப் பார்க்க நாம் கூசவேண்டும்.

விழா மலர்களில் வெற்றிபெற்ற அணிகளின் படங்களை முன்பக்கத்தில் இடுவது வழக்கம், அது தொடரட்டும். எனினும் ஓரிடத்தில், எல்லா ஆட்டங்களிலும் தோற்ற ஓர் ஆண்டின் அணியின் படத்தையும், அதில் நிற்போரின் பெயர்களை ஒன்றும் விடாது கீழே குறித்து, இடுதல் வேண்டும். படத்தைக் காணும் இளைய மாணவன், இக்கல்லூரி என்னை வெல்லும்போது மட்டுமன்றி வீழும்போதும் தன் பிள்ளையென்றே எண்ணும் என்று அறிவான். அந்த நம்பிக்கையைப் பெற்ற மாணவன் துணிந்து ஆடுவான், அமைதியாகப் படிப்பான். ஒரு கல்லூரி தன் மைந்தர்க்கு வழங்கக்கூடிய பரிசுகளுள் இதனிலும் மேலானது யாதுளது?